உதட்டசைவுக்கு ஒரு காதல்

இந்தி சீரியலில் ஒருவன் காதலைச் சொல்ல வாயைத் திறந்தால், அது மூடுவதற்குள் அவனைத் தமிழில் சொல்லி முடிக்க வைப்பதுதான் என் பிழைப்பு. மும்பையில் டப்பிங் வசனம் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த சீரியல்களைப் பார்த்து அவதிப்படுகிறவர்களே, நீங்கள் ஒரு தடவைதான் பார்க்கிறீர்கள். என்னை நினைத்துப் பாருங்கள்.

மூச்சு

சீரியல் காதலில் பேச்சு குறைவு. நாயகி கால் தடுக்கி விழுவாள், நாயகன் தாங்கிப் பிடிப்பான், மூடிய அறைக்குள் காற்றடிக்கும். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவ்வளவு நேரமும் டப்பிங்கில் யாராவது மூச்சு விட்டாக வேண்டும்.

எங்கள் நாயகனுக்குக் குரல் கொடுப்பவன் செல்வம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் சூப்பர்வைசர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாயகியின் குரல், அதே தாராவியில் லேபர் கேம்ப் என்ற பகுதியில் டியூஷன் எடுக்கும் மேரி டீச்சர். டீச்சருக்குக் கல்லூரி போகும் மகள் இருக்கிறாள். ஒருநாள் அப்படியொரு காட்சிக்கு செல்வம் விட்ட மூச்சு ஒலிப்பதிவாளருக்குப் போதவில்லை. அவர் மராட்டிக்காரர், தமிழ் தெரியாது. "ரொமான்ஸ் கம் ஹை, தோடா அவுர்", காதல் கம்மி, இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். செல்வம் மேலும் மேலும் விட்டு, கண் இருட்டி, மைக் ஸ்டாண்டைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்துவிட்டு மேரி டீச்சர் சொன்னார்: "இப்படி மூச்சு வாங்குதவனப் பாத்தா எந்தப் பொம்பளைக்கும் காதல் வராது தம்பி, ஆட்டோதான் கூப்பிடத் தோணும்."

உதடு ஒட்டும் சொல்

நாயகன் காதலைச் சொல்லும் எபிசோட் வந்தது. திரை முழுக்க அவன் முகம். உதட்டைச் சேர்த்துப் பிரித்து "பியார்" என்கிறான். "காதல்" என்று எழுதினேன். அதைச் சொல்ல உதடு ஒட்டவே வேண்டாம். "பிரியம்" போட்டேன், வயசானவர் பேச்சு மாதிரி இருக்கிறது என்று சேனலில் அடித்துவிட்டார்கள். கடைசியில் "பாசம்" பொருந்தியது. மழையில் மண்டியிட்டு, கையில் மோதிரத்தோடு, "உன்மேல எனக்கு அளவில்லாத பாசம்" என்றான் நாயகன்.

அது ஒளிபரப்பான மறுநாள் மாட்டுங்காவில் எங்கள் கட்டட லிஃப்டில் மேல்வீட்டு மாமி கவலையோடு கேட்டார்: "ஏன்டிம்மா, அவன் அவளுக்கு அண்ணாவா? அப்போ மோதிரம் எதுக்கு?"

பாலத்தில் வசனம்

செல்வத்துக்கு நிஜமாகவே காதல் வந்தது. கலா, செம்பூரில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஸ்டேஷன் வரை சேர்ந்து நடப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். சொல்ல வேண்டியதை மட்டும் அவன் சொன்னதில்லை. அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் என்னிடம் வந்து நின்றான். "அக்கா, நீங்க எவ்வளவோ எழுதுதீங்க. எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்க."

எழுதினேன். நிலா, ஜென்மம், இதயத்துடிப்பு எல்லாம் இருந்தது. ஸ்டேஷன் பாலத்தில் வைத்துச் சொன்னான். பயத்தில் அவனுடைய குரல் வரவில்லை. நாயகனின் குரல்தான் வந்தது. கலா வீட்டில் அந்த சீரியல் தினமும் ஓடும். அவள் சொன்னாள்: "இதே குரல்ல அந்த ஹீரோ மூணு பேருகிட்ட சொல்லிட்டான். நடுவுல ரெண்டு தடவ ஞாபகம் வேற மறந்து போச்சு."

சொந்தக் குரல்

அதற்குப் பிறகு கலா வேறு ட்ரெயினில் போனாள். ஸ்டூடியோவில் காதல் வசனம் வந்தாலே செல்வம் திக்கினான். வேறு வசனம் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க்கா" என்றான். ஒருநாள் சாயங்காலம் நேரே அவள் வீட்டுக்குப் போய்விட்டான். அவள் அப்பா அம்மா முன்னால் நின்று, "எனக்கு அழகாப் பேச வராது. ஒன்னக் கெட்டிக்கிடணும்னு ஆசையா இருக்கு. பிடிக்கலன்னா சொல்லிரு, இனிமே வரமாட்டேன்" என்றிருக்கிறான். அதே நேரம் டிவியில் நாயகன் அவன் குரலிலேயே நாயகியிடம் உருகிக்கொண்டிருந்தானாம். கலா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

அப்பா சரியென்று தலையாட்டிவிட்டார். அம்மாதான் டிவியையும் செல்வத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். "சரி, கல்யாணத்த வச்சுக்கிடுவோம். மொதல்ல டிவியப் போடு, அந்த சீரியல் பொண்ணு என்ன பதில் சொல்லுதான்னு பாப்போம்."

நான் எழுதிக் கொடுத்ததால் நின்றுபோகப் பார்த்து, எழுதிக் கொடுக்காததால் நடந்த ஒரே கல்யாணம் அதுதான்.