கல்லுக்குழியின் ஐம்பத்தைந்து மணிகள்

திருமயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் அப்போது குடியிருந்தோம். என் கணவர் ஓவர்சியர். வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில், கல் உடைத்துக் கைவிட்ட ஒரு குழி. எந்தக் கோடையிலும் வற்றாததால் அதன் அடியை யாரும் பார்த்ததில்லை. அதில் குளிப்பதற்குப் படித்துறை கட்டப் பஞ்சாயத்து விரும்பியது. எந்தக் கரையில் ஆழம் குறைவு என்று பார்த்துச் சொல்வது இவர் பொறுப்பு.

வாழைமரத் தெப்பத்தில் போய், அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு நுனியில் கல் கட்டிய கயிற்றை ஐந்தடிக்கு ஓர் இடமாக இறக்கி அளந்தார். வரிசைக்குப் பதினொன்று, ஐந்து வரிசை. நோட்டில் கட்டம் கட்டமாக எண்கள்.

"இத நீட்டுனா ஒருத்தருக்கும் வெளங்காது. கண்ணுல காட்டணும்" என்றார்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பழகியவள் நான். ஆனால் தாளில் நீளமும் அகலமும்தான் அடங்கும், ஆழத்துக்கு இடமில்லை. கயிற்றுக் கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். கட்டில்தான் தண்ணீர் மட்டம். அரையடிக்கு ஒன்றாக நூல் கட்டி, ஆழத்தில் அடிக்கு ஓர் அங்குலம் கணக்கிட்டு, நுனியில் ஒரு பாசிமணி கோத்துத் தொங்கவிட்டேன். கீழ்க்கரை ஓரம் மூன்று, நான்கு அங்குலத்தில் மணிகள் நின்றன. மேற்கே பதினாலு வரை இறங்கின.

"என்ன ஓவர்சியரம்மா, கட்டிலுக்குக் கல்யாணமா? மாலையெல்லாம் போட்டிருக்கீங்க" என்றாள் பால் கொண்டுவந்தவள்.

அவளை அனுப்பிவிட்டுத் திரும்பினால், ஒன்றரை வயது மகள் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மணிகள் அவளைச் சுற்றி அசையாமல் நின்றன. அவள் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கட்டில். அவ்வளவும் தண்ணீர் என்று எனக்குத் தோன்றிவிட்டது. காலைப் பிடித்து இழுத்தேன். அவள் கையோடு ஒரு நூலும் அறுந்து வந்தது.

கீழ்க்கரையில் இரண்டாம் வரிசை நூல் அது. நோட்டு அன்று காலையே புதுக்கோட்டை ஆபீசுக்குப் போயிருந்தது. நான்கு என்று நினைவு. நான்கு அங்குலத்தில் திரும்பக் கட்டினேன்.

சாயங்காலம் பஞ்சாயத்தார் வந்து, வேட்டியை மடித்துக்கொண்டு குந்திப் பார்த்தார்கள். "அங்கிட்டுப் போகப்போகப் பாதாளமாவுல்ல இருக்கு. இங்கிட்டே கட்டிப்புடலாம்" என்று கீழ்க்கரையைக் காட்டினார் ஒரு பெரியவர்.

நான் காப்பி கொடுத்தேன்.

அது நான்குதானா? ஒன்பதாக இருந்தால்? சோறு வடிக்கும்போதும், பிள்ளைக்குத் தலை துவட்டும்போதும் அதே நினைப்பு. ஊர்ப் பிள்ளைகள் முதலில் குதிக்கப்போகும் இடம் அதுதான். இவர் கோபிப்பாரே என்ற பயம் ஒரு பக்கம், சொல்லாமல் இருப்பதும் பொய்தானே என்ற பயம் ஒரு பக்கம். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார். வேறு எதுவும் திட்டவில்லை. தெப்பத்தை எடுக்கச் சொன்னார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். அதே இடத்தில் கயிற்றை இறக்கினார். நான்கு முடிச்சு.

"போதுமா? நீ கட்டுனது சரிதான்."

"சரிங்க" என்றேன். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

கயிற்றைச் சுருட்டாமலே தெப்பத்தைத் திருப்பினார். காற்று அதைத் தென்பக்கமாக நகர்த்தியது. அடுத்து அளந்த இடத்துக்குப் பாதி வழிகூட இருக்காது. தரையில் உரசிக்கொண்டு வந்த கல் சட்டென்று இறங்கியது. கயிறு அவர் கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆறு, எட்டு, பத்து என்று முடிச்சுகளை நான் கரையிலிருந்தே எண்ணினேன். பதினாறில் கயிறு தீர்ந்தது. கல் அப்போதும் தரையைத் தொடவில்லை.

கல் உடைத்தவர்கள் தோண்டிய துளை. ஒரு வண்டிச் சக்கர அகலந்தான் இருக்கும். இருபுறமும் எங்கள் மணிகள் நான்கு, நான்கு என்று உண்மையைத்தான் சொல்லியிருந்தன. நடுவில் என்ன இருக்கிறதென்று நாங்கள் கேட்கவேயில்லை.

படித்துறை வடகரைக்கு மாறியது. இந்த முறை இவர் அடிக்கு ஓர் இடமாக அளந்தார். "ஒங்க வீட்டம்மா சந்தேகப்பட்டதுல நாலு உசுரு தப்பிச்சுச்சு" என்று அந்தப் பெரியவர் இவரிடம் சொன்னாராம். எனக்கு அதில் மகிழ்ச்சி வரவில்லை. நான் சந்தேகப்பட்டது வேறு இடத்தை. பிள்ளை நூலை இழுக்காதிருந்தால், அன்று காற்று வடக்கே அடித்திருந்தால் என்று மனம் போய்க்கொண்டே இருக்கும். அடிக்கும் அடிக்கும் நடுவிலும் இடம் இருக்கிறதே.

அந்த ஊரில் நாங்கள் இருந்தவரை தெருப்பிள்ளைகள் எல்லாரும் அங்கே நீந்தக் கற்றுக்கொண்டார்கள். என் மகளை நான் இரண்டாம் படிக்குக் கீழே இறங்கவிடவில்லை. ஏழு வயதாகிறது, இன்னும் அவளுக்கு நீச்சல் தெரியாது. அதுவே ஓர் ஆபத்தல்லவா என்று சில நாள் தோன்றுகிறது.