சங்கிலியை இழுத்தது நான்தான்

அன்று காலை அந்த ரயில் பெட்டியில் எங்கள் பக்கத்தில் ஏழு பேர் இருந்தோம். நான். எனக்கு எதிரே, பரங்கிமலையில் பள்ளி வாத்தியாராக இருந்த என் சிநேகிதர். கதவோரம் கூடையோடு முடிச்சூர்க் கீரைக்காரம்மா. முழங்கால்கள் மேல் துண்டை விரித்துச் சீட்டு ஆடிக்கொண்டிருந்த கிண்டி ஆட்கள் நான்கு பேர். இத்தனை வருஷத்தில் பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். எட்டாவது ஆள் இல்லை.

அறுபதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஓலைக் கூரைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்ற ஒரு வரிசையில் குடியிருந்தேன். மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். காலையில் பம்ப் ஸ்டவ்வில் நானே காப்பி போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்புவேன். தெருமுனை வரை போவேன். அடுப்பை அணைத்தோமா? திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பேன். மறுபடியும் தெருமுனை. தொட்ட கைக்குச் சூடு தெரிந்ததா, தெரியவில்லையா? சில நாள் ரயில்வே ஸ்டேஷன் படியிலிருந்து திரும்பியிருக்கிறேன்.

கிண்டியில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை. ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய வேலை. மூன்று முறை தாமதமாகப் போயிருந்தேன். "இன்னொரு தடவை லேட்டா வந்தா நேரா கணக்கை முடிச்சுக்கினு போயிடு" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? மனசு சரியில்லை என்று ஒருவன் வாயைத் திறந்தால் "கீழ்ப்பாக்கம் கேசா?" என்று கேட்கிற ஊர் இது. அதனால் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி வைத்திருந்தேன். விஷயம் தெரிந்த ஒரே ஆள் வாத்தியார்தான்.

அன்று திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறிவிட்டேன். சானடோரியம் தாண்டியதும் ஆரம்பித்தது. கூரை பற்றுகிறது, பக்கத்து வீட்டில் தொட்டில் இருக்கிறது, நெருப்பு தாவுகிறது. கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தேன். குரோம்பேட்டை வர நாலு நிமிஷம் இருந்திருக்கும். அந்த நாலு நிமிஷத்தை என்னால் உட்கார்ந்து கழிக்க முடியவில்லை. எழுந்து சங்கிலியைப் பிடித்துத் தொங்கினேன்.

வண்டி குலுங்கி நின்றது. சீட்டு எல்லாம் சரிந்தது.

"எவன்டா அவன்? கையில ஜோக்கர் வந்த நேரம் பாத்து!" என்று சீட்டு ஆடியவர்களில் ஒருவன் கத்தினான். அவர்கள் யாரும் என்னைப் பார்த்திருக்கவில்லை. அதற்குள் நான் உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

ரயில்வே கார்டு வந்து, "யார் இழுத்தது?" என்றார்.

நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். வாத்தியார் என்னைப் பார்த்தார். எழுந்தார்.

"நான்தான் சார்."

"இன்னா விஷயம்?"

"திடீர்னு மனசு பயந்துடுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

வயிற்று வலி, நெஞ்சு வலி என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்லப் பழகாதவர். அன்று சொன்ன ஒரே பொய் 'நான்தான்'. மீதி என்னுடைய உண்மை.

"படிச்ச ஆளாட்டம் கீறே, பைத்தியமாய்யா உனக்கு?" என்றான் ஜோக்கர்காரன். மற்ற மூவரும் சிரித்தார்கள். கார்டு பின்னால் வாத்தியார் இறங்கிப் போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபக்கம் குதித்து, தண்டவாளத்தோரமாக வீட்டுக்கு ஓடினேன்.

அடுப்பு சில்லென்று இருந்தது.

அடுத்த வண்டிக்கு அடுத்த வண்டி பிடித்துக் கிண்டி போனேன். சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டினார்.

"யாரோ செயினை இழுத்துட்டான் சார். ரயிலெல்லாம் லேட்டு."

"எந்தப் பைத்தியக்காரப் பய?"

"ஆமா சார்" என்றேன். வேலை தப்பியது.

வாத்தியார் ஒரு நாள் லீவு போட்டு மாஜிஸ்திரேட் முன்னால் நின்று ஐம்பது ரூபாய் அபராதம் கட்டினார். விஷயம் பள்ளிக்குப் போய்விட்டது. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, "டாக்டர் யாரையாவது பாக்கறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாராம். பையன்களுக்கு அந்த மெதுவெல்லாம் கிடையாது. ஒரு நாள் மாலை பரங்கிமலை பிளாட்பாரத்தில் என் காதாலேயே கேட்டேன்: "டேய், செயின் சார் வர்றாருடா, எதையாவது கெட்டியா புடிச்சுக்கோ!" அவரும் சிரித்தார். நான் தூண் பக்கம் நகர்ந்து நின்றேன்.

கீரைக்காரம்மா மட்டும் விடவில்லை. "நான் பாத்துக்கினுதான் இருந்தேன் ராசா. அந்த மனுசன் மூஞ்சிய எப்டி பாக்கறே நீ?" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஏறும் பெட்டியில் நான் ஏறுவதில்லை.

வாத்தியாரிடம் மட்டும் ஒரு வழியாகப் போய் நின்றேன். திட்டவில்லை. "பிரதர், உங்க ஸ்டவ்ல காத்தைத் திறந்து விடுற திருகு ஒண்ணு இருக்கே, அதைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு கிளம்புங்க. அது இல்லாம எப்படி எரியும்? பயம் வந்தா தொட்டுப் பாருங்க. ஒரு தடவைதான். ரெண்டாவது தடவை தொடக்கூடாது" என்றார்.

செய்தேன். அடுப்புப் பயம் பாதியாகக் குறைந்தது. அப்புறம் அது பூட்டுக்குத் தாவியது, அது வேறு கதை. குழந்தையோடு திரும்பி வந்த மனைவி, "திருகைப் பையில போட்டுக்கிட்டு ஊர் சுத்தினா பால் எதுல காய்ச்சறது?" என்று ஸ்டோர் வாசலுக்கே ஆள் அனுப்பினாள். அன்று ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இனிமே அணைக்கும்போது எங்கிட்ட சொல்லிட்டு அணைங்க. நான் சாட்சி" என்றாள். அந்த ஏற்பாடு இன்று வரை நடக்கிறது. ஆனால் வீட்டில் சொன்னது வெளியே சொன்னதாகுமா?

மாதம் இரண்டு ரூபாயாக வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்துவந்தேன். பதினாறு மாதம் ஆனபோது அவருக்குத் தெற்கே மாற்றலாயிற்று. மீதியை மொத்தமாகப் புரட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன். அவர் நோட்டுகளைத் திரும்ப என் சட்டைப் பையிலேயே செருகினார்.

"இது இருக்கட்டும் பிரதர். அன்னைக்கு இழுத்தது நான்தான்னு உங்க சூப்பர்வைசர்கிட்ட ஒரு நாள் சொல்வீங்க. சொன்னதும் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போடுங்க. அப்ப வாங்கிக்கறேன்."

எழுபதுகள் முழுக்க அந்த சூப்பர்வைசருக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். தினமும் காலையில் வணக்கம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டேன், வாயைத் திறந்தேன், "உடம்பைப் பாத்துக்கங்க சார்" என்றேன்.

வாத்தியாருக்கு இன்னும் தர வேண்டியது பதினெட்டு ரூபாய்.