சேவல் நிற்கும் கோபுரம்

ஜெர்மனிக்கு நான் போனதில்லை. இனிப் போகப்போவதும் இல்லை. ஆனால் அங்கே உள்ள ஒரு சின்னக் கிராமத்தைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஊர் நடுவில் தேவாலயம். அதன் கோபுர உச்சியில் ஓர் இரும்புச் சேவல். பழைய மணியைப் போர்க்காலத்தில் பீரங்கிக்காக உருக்கிவிட்டார்கள், இப்போது அடிப்பது புது மணி. ஓடைக்கரையில் மாவு ஆலை. அதன் சுவரில், முன்பொரு பெருவெள்ளம் வந்து நின்ற உயரத்துக்கு ஒரு கோடு வெட்டியிருக்கிறது. சந்தியில் ஒரு கிழட்டு மரம். அதன் அடியில்தான் அந்தக் காலத்தில் வழக்குத் தீர்த்தார்களாம். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் பிறந்து வளர்ந்த எனக்கு எங்கள் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதுகூடத் தெரியாது.

எல்லாம் என் தங்கச்சிக்காகப் படித்தது. கட்டுகஸ்தோட்டைக் குடும்பம் ஒன்றின் ஒரே மகன் அந்தக் கிராமத்தில் இருந்தார். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் பதிவு, விசா கிடைத்தபிறகுதான் கோயிலில் தாலி. இடைப்பட்ட காலத்தில் பெண் இரண்டும் கெட்டான். சட்டத்துக்கு அவள் மனைவி, வீட்டுக்கு இன்னும் கல்யாணமாகாத குமர். மாப்பிள்ளை லீவில் வந்தார், கையெழுத்துப் போட்டார், பகல் சாப்பாடு சாப்பிட்டார், போய்விட்டார்.

தங்கச்சி கண்டி டவுனில் ஜெர்மன் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். அங்கேதான் அந்தக் கதை அடிபட்டது. கொழும்பில் விசா நேர்முகத்தில் கணவன் இருக்கும் ஊரைப் பற்றிக் கேட்பார்களாம். வீட்டுக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒருத்தியைக் கள்ளக் கல்யாணம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இதைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்குப் பேய் பிடித்தது. மாப்பிள்ளையிடம் சொன்னோம். அவரும் ஒவ்வோர் இடமாக வீடியோ எடுத்து அனுப்பினார். தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் பொக்கெட்டில் விட்டபடி கோபுரத்தின் முன் நிற்பார். "இதுதான் சர்ச். மேல பாருங்க, சேவல்" என்பார். அவ்வளவுதான். கட்டிய பெண்ணுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. எனக்கு எரிச்சலாக வரும். தங்கச்சியோ உருகிப்போவாள்.

"எனக்காகத்தானே அக்கா அந்தக் குளிருல நிக்கிறாரு."

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேள்வி கேட்பார். வெள்ளிக்கிழமைகளில் தங்கச்சியின் மாமியார் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வருவார். கதிரையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளை எதிரில் நிறுத்தி ஒப்புவிக்கச் சொல்வார்.

"மரத்தைச் சொல்லலியே. இந்த மண்டைய வச்சிக்கிட்டு அங்க போயி என்ன பண்ணப்போற? மூஞ்சிக்கும் ஏதாச்சும் பூசிக்க. அங்க எல்லாரும் பளிச்சுனு இருப்பாங்க."

தங்கச்சி சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து சொல்லுவாள். எனக்கு அந்தக் கதிரையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கும்.

அவள் பாஷைப் பரீட்சை பாஸானாள். கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதிக்கென்று காதில் மாட்டும் இயர்போன் வாங்கியிருந்தோம். நேர்முகத்துக்கு முந்திய ஞாயிறு பகல், அதைப் போட்டுக்கொண்டு ஆலை வீடியோவைக் கடைசித் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள். திரும்பப் போட்டாள். பிறகு ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

ஆலைச் சுவரில் உள்ள வெள்ளக் கோட்டைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, போனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் ஜெர்மனில் மெதுவாக ஏதோ சொல்கிறது. இத்தனை நாளும் அதைத் தெருச் சத்தம் என்று விட்டிருந்தோம். சின்ன வாக்கியம்தான். வகுப்பில் முதல் மாதம் சொல்லித்தருகிற சொற்கள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பாடம் கேட்ட எனக்கே புரிந்தது. 'சத்தம் போடாதே, உன் அப்பா பேசுகிறார்.' அதற்குப் பிறகு ஒரு குழந்தை சிரிக்கிறது.

மற்ற வீடியோக்களையும் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அவருடைய கைகள் பொக்கெட்டில்தான் இருந்தன. அப்படியென்றால் போன் யார் கையில்? சேவலின் வால் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்றுகூடப் பார்த்து வைத்திருந்த நாங்கள், இதை மட்டும் கேட்கவே இல்லை. அந்தப் பெண்ணிடமும், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப என்றுதான் சொல்லியிருப்பார். எங்களுக்கு எங்கே ஜெர்மன் விளங்கப்போகிறது என்ற தைரியம்.

தங்கச்சி உடனே அவருக்குப் போன் எடுத்தாள். அவர் மறுக்கவில்லை.

"அதெல்லாம் நீ வந்தப்புறம் பேசிக்கலாம். இன்டர்வியூல மட்டும் இத சொல்லிறாத."

மாமியாரைக் கூப்பிட்டு அனுப்பினோம். வந்தார், அதே கதிரையில் உட்கார்ந்தார், தேத்தண்ணீரை முழுதாகக் குடித்து முடித்தார்.

"தெரியும். பேரனுக்கு என் மூக்குதான். ஆனா அந்தப் பொண்ணுக்கிட்ட நான் என்னத்தப் பேசுறது? எனக்குத் தமிழ் பேசுற மருமக வேணும். நீ போனா அவ தானா வெலகிருவா."

நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். என் பக்கம் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரெஜிஸ்டர் முடிஞ்சிருச்சி. ஊருக்கெல்லாம் தெரியும். இனி இவள யாரு கட்டுவா? போயி இருந்து பாக்கட்டும்" என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கச்சிக்கு அது கேட்டது. அவள் அழவில்லை. நேர்முகத்துக்குக் கட்டவேண்டிய சேலையை எடுத்து அயன் பண்ணத் தொடங்கினாள். அன்றைக்கு அம்மாவை நான் வெறுத்தேன். இன்னும் அது முழுதாகப் போகவில்லை.

கொழும்புக்கு நான்தான் கூடப் போனேன். தூதரகத்துக்கு உள்ளே என்னை விடமாட்டார்கள் என்பதால் எதிர்ப் பக்கத்து மர நிழலில் நின்றேன். வெளியே வந்தவள் என் தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். அந்தக் கதை பொய்யில்லை, ஊரைப் பற்றித்தான் கேட்டார்களாம். கோபுரம், மணி, ஆலை, வெள்ளக் கோடு, மரம் என்று தடுமாறாமல் ஜெர்மனிலேயே சொன்னாளாம். கடைசியில், அதே பாஷையில், "அங்கே என் கணவர் தன் மகனோடும் அந்த மகனின் தாயோடும் வசிக்கிறார்" என்றாளாம்.

கேள்வி கேட்ட அம்மணி அதையும் எழுதிக்கொண்டாராம். பிறகு, "உங்கள் ஜெர்மன் நன்றாக இருக்கிறது" என்றாராம்.

கண்டிக்கு ரயிலில் வரும்போது அவள் என் தோளில் தலையை வைத்துத் தூங்கினாள். வீட்டு வாசலில் அம்மாவும் மாமியாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டார்.

"ஊரப் பத்திக் கேட்டாங்களா? ஒழுங்கா சொன்னியா?"

"சொன்னேம்மா" என்றாள் தங்கச்சி. "ஒண்ணையும் விடல."

மாமியார் எழுந்து வந்து அவளுடைய தலையைத் தடவிக்கொடுத்தார்.