மாடிப்படித் திருப்பத்தில் ரேடியோ அக்கா

தையல்கடைக்காரிக்கு அந்தக் குடியிருப்பில் வைத்த பெயர் ரேடியோ அக்கா. மெஷின் ஓடுகிறதோ இல்லையோ, வாய் ஓடிக்கொண்டே இருக்கும். அவளிடம் ரகசியம் சொல்வதும் மொட்டைமாடியில் ஏறிக் கூவுவதும் ஒன்றுதான் என்பார்கள். அவளும் கேட்டுச் சிரிப்பாள், மறுக்கமாட்டாள்.

மாடிவீட்டுக் கணக்கு வாத்தியார் அவளுடைய கீழ்வீட்டுக் கடை வாசலில்தான் விழுந்தார். நாற்பதைத் தாண்டாத ஆள். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்தவர் கடைப்படியில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். ஆம்புலன்ஸில் கூடப் போனதும் அவள்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் உட்கார்ந்த கையோடு ஒரே கேள்வி: எப்படி ஆச்சு? அந்தப் பெண் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவாள். போன் வந்த இடத்தோடு நின்றுவிடுவாள். நல்லா இருந்த மனுஷனாச்சே என்று சொல்லிவிட்டு அவர்கள் இறங்குவார்கள். அடுத்த ஆள் ஏறிவருவார். மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் மாமனார் எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே நின்றுகொள்வார், பேச்சு காதில் விழாமலிருக்க.

பாத்திரம் கழுவ மேலே போயிருந்த ரேடியோ அக்கா இதை ஒரு பொழுது முழுக்கப் பார்த்தாள். மறுநாள் கடையிலிருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படித் திருப்பத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் பொத்தான் வைக்கவேண்டிய சட்டைகள். ஏறிவந்தவர்களை எல்லாம் அங்கேயே நிறுத்தி, நடந்ததைத் தணிந்த குரலில் அவளே சொன்னாள். பிறகு, "மேல போய் அதைக் கேக்காதீங்க. அவரைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா சும்மா கொஞ்சம் உக்காந்துட்டு வாங்க" என்பாள்.

பெரிய மனிதர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவனைத் தடுக்க நீ யார் என்றார். கீழ்வீட்டுக்காரி என்றாள்.  முக்காலியை நகர்த்தவில்லை.

ரேடியோவுக்கு நல்ல தீனி கிடைத்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கு வந்தபோது சுருக்கென்றது. சொல்லச் சொல்ல மனசு இலேசாகும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆகவில்லை. துணி வெட்டும்போது கத்தரி பாதியிலேயே நின்றுவிடும்.

வருகிறவர்கள் ஓய்ந்தபிறகு, ஒரு மத்தியானம் வாத்தியார் மனைவி கடைக்கு இறங்கிவந்தாள்.

"அக்கா, எல்லாருக்கும் சொன்னீங்க. எனக்கு மட்டும் யாருமே சொல்லல. நான் அங்க இல்லையே."

ரேடியோ அக்கா மெஷினை நிறுத்தினாள். அவளை எதிரே உட்காரவைத்து மெல்லத் தொடங்கினாள். மாடிப்படியில் யாரிடமும் சொல்லாத ஒரு பகுதி இருந்தது. சாவு வீட்டில் சிரிப்பு எதற்கு என்று விழுங்கியிருந்தாள். அன்று வாத்தியார் ஒரு பையை நீட்டி, புது பேண்ட்டின் இடுப்பைக் கொஞ்சம் பிரித்துத் தரச் சொன்னார். வீட்டில் தெரிய வேண்டாம், தெரிந்தால் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பித்துவிடுவாள் என்றார். சிரித்துக்கொண்டேதான் படியில் உட்கார்ந்தார்.

"வலிச்சுதா அவருக்கு?"

"நெஞ்சைப் பிடிச்சார். கொஞ்ச நேரந்தான். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேம்மா."

அந்தப் பெண் மெஷின்மேல் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினாள். பிறகு, "அப்பவேதான் சொன்னேன், ஒரு அளவு பெருசா எடுங்கன்னு" என்றாள். சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே, அத்தனை நாளும் வராமல் நின்றிருந்த அழுகையும் வந்தது. ரேடியோ அக்கா எழுந்து கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டாள்.

அடுத்த மாதம் வாத்தியார் மனைவி வேலைக்குத் திரும்பினாள். ஒரு நாள், தாமதமாகச் செய்தி கேட்டு வெளியூரிலிருந்து வந்த சிநேகிதி தையல்கடை வாசலிலேயே அவளை நிறுத்தி விசாரிக்க, ரேடியோ அக்கா பதறி எழுந்தாள்.

"நீங்க உக்காருங்கக்கா. நான் சொல்றேன்."

சொன்னாள், ஒன்றையும் விடாமல். கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ அக்கா, யாருடைய துணி என்றுகூடப் பார்க்காமல், தைத்துக்கொண்டிருந்ததை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.