பாண்டுரங்கன் கழித்த கணக்கு

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் முதியவர்களுக்கு ஞாபகசக்தி டெஸ்ட் எடுப்பதுதான் என் வேலை. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது, ஒரு தம்பதி என் பழக்கத்தையே மாற்றிவிட்டார்கள்.

பாண்டுரங்கன் தங்கம் உருக்கும் தொழிலுக்காக இளம்வயதில் மகாராஷ்டிராவிலிருந்து வந்தவர். மனைவி சுமன்பாய். இருவருக்கும் எழுபது தாண்டியிருந்தது. அவர்களை என்னிடம் கூட்டி வந்த மகன் விட்டல் இங்கேயே பிறந்தவர்.

"அப்பாவுக்கு மறதி கூடிப்போச்சு மேடம். பட்டறையில ஆசிட்டு, அடுப்புன்னு இருக்கு. நீங்க எழுதிக் குடுத்தா பூட்டிரலாம்னு இருக்கோம்."

டெஸ்ட் தமிழில்தான். ஒரு நிமிடத்தில் காய்கறிப் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். பாண்டுரங்கன் நாலோடு நின்றார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சுமன்பாய்க்கும் எடுத்துப் பார்த்தேன். வெகுகாலம் மார்க்கெட்டில் காய்க்கடை போட்டவர். பதினேழு பெயர் மளமளவென்று வந்தது.

ரிப்போர்ட்டில் 'டிமென்ஷியா' என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். அந்த உதடுதான் உறுத்தியது.

"ஐயா, உள்ளுக்குள்ள என்ன சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

"எங்க பாஷையில கழிச்சேம்மா. அதைத் தமிழுக்கு மாத்துறதுக்குள்ள நீங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்க."

மறுவாரம் மராத்தியில் டெஸ்ட் வைத்தேன். கேள்வியை விட்டல் மராத்தியில் கேட்டு, வரும் பதிலை எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும், பதிலுக்கு உதவக் கூடாது என்று ஏற்பாடு. கேட்டதையே திரும்பக் கேட்கக் கூடாது என்பதால் இந்த முறை மிருகங்களின் பெயர். பாண்டுரங்கன் இருபத்தொன்று சொன்னார். கழித்தலில் ஐந்து தடவையே போதும், நான்தான் நிறுத்தச் சொல்ல மறந்துபோனேன். அவர் இரண்டு வரை போய்விட்டார்.

விட்டல் என்னைப் பார்த்தார். "எங்கப்பா இம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்ல மேடம்."

அடுத்து சுமன்பாய். தாய்மொழியில் ஆறு மிருகம் சொல்லிவிட்டுத் திணறினார். "தமிழ்லதான் வாய்க்கு வருது," என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஒரே ஊரில் பிறந்து, ஒன்றாக வந்து, ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். அவர் நாற்பது வருடம் சொந்தக்காரர்களோடு பட்டறைக்குள் இருந்தார். அந்த அம்மா ஊரோடு பேசி வாழ்ந்தார். இரண்டு மூளையும் நன்றாகத்தான் இருந்தன. நான் மராத்தியில் மட்டும் கேட்டிருந்தால், நோயாளி என்று சுமன்பாயை எழுதியிருப்பேன்.

'தற்போது டிமென்ஷியா இல்லை. ஒரு வருடம் கழித்து மராத்தியில் பார்க்கவும்' என்று பாண்டுரங்கனுக்கு எழுதினேன். பட்டறை பூட்டப்படவில்லை.

பீரோவில் இருந்த பழைய ஃபைல்களை அன்று எடுத்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொருவரையும் திரும்ப வரச் சொன்னேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்கோர் போடுவதற்கு முன், எதிரில் உட்கார்ந்திருப்பவர் எங்கே பிறந்தார், யாரோடு பேசி வாழ்ந்தார், மனக்கணக்கை எந்த மொழியில் போடுகிறார் என்று எழுதுங்கள். அது தெரியாமல் போட்ட எண்ணை நம்பாதீர்கள்.