தம்பி அனுப்பிய பஞ்சு

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்த இருமல். வறண்ட, விடாத இருமல். அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

"என்னடி, தண்ணி வேணுமா?"

"வேணாம்மா. இன்னைக்குப் பிரிச்ச பஞ்சுல ஒரே தூசி. கூடவே ஒரு புளிச்ச நாத்தம்."

மகளுக்கு நூல் மில் குடோனில், இறுக்கிக் கட்டி வரும் பஞ்சுப் பொதிகளை, பேல்களை, பிரித்துப் போடும் வேலை. தாய்க்கும் அதே மில்தான். கணவனைப் பறிகொடுத்த வருடம் துடைப்பத்தோடு உள்ளே போனவள், இன்று வருகிற பஞ்சைச் சோதித்து உள்ளே விடுகிறவள். பேலின் கட்டை அறுத்து, கையை ஆழ நுழைத்து, நடுவிலிருந்து ஒரு பிடி பிடுங்கிக் கன்னத்தில் ஒற்றுவாள். ஈரமென்றால் கன்னம் சொல்லிவிடும். மில்லில் அவள் பெயரே 'கன்னத்தக்கா'.

இந்த வருடம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு பருத்திக் காடுகளில் புகுந்தது. வெடித்த காய்கள் செடியிலேயே கறுத்துப்போயின. பஞ்சு வரத்து நின்று, மில்லில் பாதி இயந்திரங்கள் ஓய்ந்து கிடந்தன. அந்த நேரத்தில்தான் லாரி நிறைய வெள்ளைப் பஞ்சு வந்து இறங்கியது. அனுப்பியவன், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலை நடத்தும் அவளுடைய தம்பி. கூடப்பிறந்தவன் அனுப்பிய பேலுக்குள் கையை விட்டுத் துழாவ அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மேலாக ஒரு பிடி எடுத்தாள், கன்னத்தில் ஒற்றினாள், உள்ளே விட்டுவிட்டாள்.

அந்தத் தம்பிதான் இப்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா, டீ போடுறியா, இல்ல தேயிலை பறிக்கக் கெளம்பிட்டியா?"

டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். "உன் ஆலைக்குள்ள வெள்ளம் வந்துச்சா?"

"வாசலோட நின்னுடுச்சு."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடா."

அவன் சிரிப்பு வடிந்தது. "நனைஞ்சதத் தூக்கிப் போட மனசு வரலக்கா. காயப் போட்டேன், முழுசாக் காயல. அத நடுவுல வெச்சு, சுத்தி நல்ல பஞ்சப் போட்டு அழுத்திட்டேன். என் பேல்ல நீ கைய விடமாட்டேன்னு தெரியும்."

சின்ன வயதில் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் அவள்தான். ஈரப் பஞ்சை இறுக்கிக் கட்டினால் உள்ளுக்குள் புழுங்கும். புழுங்கினால் சூடேறும், சூடு மிஞ்சினால் தானே தீப்பிடிக்கும். அதற்குமேல் நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மகள் நிலைப்படியில் வந்து நின்றாள். "அம்மா, மத்தியானம் ஒரு பேல்ல சாஞ்சு உக்காந்தேன். முதுகுல வெதுவெதுன்னு இருந்துச்சு. வெயில் பட்டிருக்கும்னு நெனச்சேன்."

"குடோனுக்கு ஜன்னலே கிடையாதேடி!"

அவள் போனை எடுத்தாள். தம்பி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம்க்கா! விஷயம் தெரிஞ்சா எவனும் என்கிட்டப் பஞ்சு வாங்கமாட்டான். உன் வேலையும் போயிடும். காலையில நானே லாரியோட வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடறேன்."

"இப்ப அங்க அடுத்த ஷிப்டுப் பொண்ணுங்க நிக்குதுங்கடா. அதுங்களும் ஒருத்தி பெத்த புள்ளைங்கதான்."

"அப்போ எனக்கு அக்கா செத்துட்டான்னு நெனச்சுக்கறேன்."

கையை உதறினாள். கண்ணீர் வழிய எண்களை அழுத்தினாள். "நெனச்சுக்கோ."

டீயைத் தொடாமலே அவன் எழுந்து செருப்பை மாட்டினான். குடோன் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அதே மணி. தம்பி வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தாள்.

கதவு அறைந்து மூடிக்கொண்டது.