நல்லாத்தாளைப் படைத்த எங்கள் அம்மா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அம்மா சொந்தம். சித்தி, அத்தை, நங்கை என்று ஏதோ ஒரு முறை சொல்லி அழைத்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு அவர் புத்தக அட்டையில் இருந்த ஒரு புனைபெயர். அந்தப் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. இந்தச் சில பக்கங்களில் அவர் எனக்கும் என் தம்பிக்கும் அம்மா, அவ்வளவுதான். அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அழுகைக்கு இடமில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். "ஜெயிச்சவங்களப் பத்தி எழுதறே, அப்படியே எழுது கண்ணு" என்பது அவர் உத்தரவு.

அம்மா பிறந்தது கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, நிலக்கடலையும் தக்காளியும் விளைந்த ஒரு தோட்டத்தில். நான்கு பெண்களில் மூன்றாமவர். எட்டாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடக்கும்போது எழுந்து நின்று, "நம்ம ஊரு இதுல ஏனுங்க சார் வரவே இல்ல?" என்று கேட்டாராம். "பரீட்சைக்கு வராதும்மா, உக்காரு" என்றாராம் ஆசிரியர். அம்மா உட்கார்ந்துவிட்டார். ஆனால் அந்தப் பதிலை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பதற்கு அவர் எழுதிய பத்தொன்பது நாவல்களும் சாட்சி.

கல்லூரிப் படிப்பை ஓராண்டோடு நிறுத்திவிட்டு, கோவைத் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை நேரம் முழுவதும் ஊரின் குரல்களை இணைத்துக்கொண்டிருப்பார். கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, நாங்கள் பள்ளியிலிருந்து திரும்பும்வரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவார். அவருடைய படைத்தலைவர்களும் வணிகர்களும் நம்மைப் போலவே பேசுவார்கள். எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "பொண்ணு பொறந்துருக்குதுன்னு சொல்றதுக்கும், நூல் வெல ஏறிப்போச்சுன்னு சொல்றதுக்கும் மனுசன் எப்படி மூச்சு வாங்கறான்னு எனக்குத் தெரியும் கண்ணு" என்றார்.

முதல் நாவல் திரும்பி வந்தது. சரித்திரக் கதை பெண்களுக்குச் சரிவராது, நல்ல குடும்பக் கதை இருந்தால் அனுப்புங்கள் என்று ஒரு வார இதழின் ஆசிரியர் எழுதியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அதே நாவலை, ஒரு வரிகூட மாற்றாமல், ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு புனைபெயரில் அதே இதழுக்கு அனுப்பினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. "அன்புள்ள ஐயா" என்று தொடங்கியது.

தொடர் வெளிவந்து நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, அந்த ஆசிரியரே ஒரு சால்வையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைத் திறந்தது அப்பா. கையெல்லாம் கிரீஸ். வந்தவர் எதுவும் கேட்காமல் அப்பாவின் தோளில் சால்வையைப் போர்த்திக் கைகுவித்தார். அப்பா அசையாமல் நின்று முழுவதையும் ஏற்றுக்கொண்ட பிறகு, "சந்தோசமுங்க. ஆனா எழுதுனவங்க உள்ள தோசை வாத்துட்டு இருக்காங்க" என்றார். அம்மா கரண்டியோடு வெளியே வந்து, "வாங்க. நீங்க எனக்கு முன்னாலயே ஒரு லெட்டர் போட்டிருக்கீங்க, காட்டட்டுங்களா?" என்றார். அந்த ஆசிரியர் அன்று ஏழு தோசை சாப்பிட்டார். அதன்பின் அவர் இதழில் அம்மாவின் தொடர் இல்லாத வாரங்கள் அரிது.

அம்மாவின் பெயரை ஊரெல்லாம் கொண்டுபோனது நல்லாத்தாளின் கதைதான். சத்தியமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பவானியிலிருந்து பிரியும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு கல் சாய்ந்து கிடப்பதை அம்மா பார்த்தார். பட்டுச் சேலையோடு குனிந்து தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். ஓங்கிய கையில் அரிவாளுடன் ஒரு பெண். காலடியில் ஒரு கன்று. எழுத்து எதுவும் இல்லை. மாடு கவர வந்தவர்களை எதிர்த்து மாண்ட ஆண்களுக்குக் கல் நட்டிருப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். ஒரு பெண்ணுக்கு நட்டதை அம்மா அன்றுதான் பார்த்தார். முகூர்த்தத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்திருந்தார்கள்.

அந்தக் கல்லிலிருந்து நல்லாத்தாள் வந்தாள். அந்த வாய்க்கால் ஊரிலேயே பிறந்து ஆற்றுத்துறையில் பரிசல் ஓட்டியவள், தனியாளாக நின்று ஊரின் மாடுகளை மீட்டு உயிர்விட்டவள். தொடர் முடிந்த வாரம் எங்கள் தெருவுக்குத் தபால்காரர் சாக்குப் பையோடு வந்தார். பஸ்ஸில் கண்டக்டர்கள் அம்மாவுக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார்கள். பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டுப் புகைப்படம் அனுப்பினார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, அம்மா பணி ஓய்வு பெற்றபின், அந்த வாய்க்கால் ஊரிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஊராட்சித் தலைவியாக இருந்த அம்மையார்தான் பேசினார். "எங்க ஊரு நல்லாத்தாளுக்கு செலை வெச்சுப்போட்டமுங்க. கோயலும் கட்டியாச்சு. நீங்கதான் வந்து தெறந்து வெக்கோணும்." பீடத்தில் பொறிக்கப் போகும் வாசகத்தையும் காட்டினார். இவ்வூரில் பிறந்து வீரமரணம் அடைந்த நல்லாத்தாள் என்று இருந்தது. பேச்சுவாக்கில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த ஊரின் மேற்குத் தெருவும் கிழக்குத் தெருவும் நல்லாத்தாள் எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லிக்கொண்டு, முதல் மரியாதை யாருக்கு என்று கைகலப்பு வரை போயிருந்தன. பெண் கொடுத்து எடுத்த கொண்டான் கொடுத்தான் வீடுகளே பேசாமல் இருந்தன.

அவர்கள் போனபின் அம்மா இரண்டு நாள் எழுத உட்காரவில்லை. பதிப்பாளர் மட்டும் மகிழ்ச்சியில் இருந்தார். புதிய பதிப்பு விழா மேடையிலேயே வெளியாகட்டும், எதையும் மறுத்துச் சொல்ல வேண்டாம் என்று தொலைபேசியில் மன்றாடினார். நானும், "விடுங்கம்மா, அவங்களுக்கு அது ஒரு சந்தோசம்" என்றேன்.

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நான் காயிதத்துல எழுதுனேன். அட்டையிலயே நாவல்னு போட்டிருக்குது. அவங்க கல்லுல வெட்டப் போறாங்க அம்மணி. கல்லுல நாவல்னு போட மாட்டாங்க."

விழாவுக்கு அப்பா காரை ஓட்டினார். கோயிலுக்குச் சற்று முன்பாகவே காரைக் கோவைப் பக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன். "ஒருவேள சீக்கிரம் கெளம்பற மாதிரி இருந்தா" என்றார். சிரிக்கவில்லை. பயத்தில் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

பந்தல் நிறையக் கூட்டம். மேற்குத் தெரு ஒரு பக்கம், கிழக்குத் தெரு மறுபக்கம். அம்மா மேடையேறி, சுற்றி வளைக்காமல் தொடங்கினார். "நல்லாத்தாள்னு ஒருத்தி இந்த ஊர்ல இருந்தாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பேரு எங்க பெரிய அத்தையோட பேரு. பரிசலு, சண்ட, அவ பேசுன பேச்சு, எல்லாம் நானாக் கட்டுனது. உங்க பிரியத்துக்குக் கும்புடறேன். ஆனா பொய்யக் கும்புட வெச்சுட்டு நான் ஊட்டுக்குப் போக முடியாது."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "அப்பறம் இத்தன வருசம் எங்களைய ஏமாத்துனீங்களாங்க?" அதைத் தொடர்ந்து பல குரல்கள். நாற்காலிகள் சாய்ந்தன. யாரோ மைக்கை அணைத்தார்கள். அப்பா என்னிடம் கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டு மேடையை நோக்கி நடந்தார்.

அம்மா மேடையை விட்டு இறங்கினார். ஆனால் கார் இருந்த பக்கம் வரவில்லை. மைக் இல்லாமலே, ட்ரங்க் காலில் பழகிய அந்தத் தெளிவான குரலில், "கத நான் கட்டுனது. கல்லு நான் கட்டுனதில்ல. அது உங்க வாய்க்காலுல இருக்குது. வாங்க, காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடக்கத் தொடங்கினார். முதலில் நாங்கள் மட்டும் பின்னால் போனோம். ஊராட்சித் தலைவி வந்தார். அவரைப் பார்த்துப் பெண்கள் வந்தார்கள்.

வாய்க்காலில் அந்தக் கல் கிடந்த இடம் வெறுமையாக இருந்தது. அம்மா கரையோரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார். அப்போது கிழக்குத் தெருப் பெண் ஒருவர் தயங்கித் தயங்கி, "படித்தொறை கட்டும்போது ஒரு கல்லக் குப்புறப் போட்டாங்களே, அதுங்களா?" என்றார். கடப்பாரை வந்தது. இரண்டு தெரு ஆண்களும் சேர்ந்தால்தான் அதைப் புரட்ட முடிந்தது. குப்புறக் கிடந்ததால் சிற்பம் தேயவே இல்லை. சேற்றைக் கழுவியதும் அரிவாள் தெரிந்தது, கன்று தெரிந்தது, பிறகு அந்த முகம் தெரிந்தது.

ஊராட்சித் தலைவி தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். "கலியாணமாகி வந்த நாளா இதும்மேலதான் துணி தொவைக்கறேன்" என்றார்.

"இவங்க நெசம்" என்றார் அம்மா. "பேரு மட்டும் யாருக்கும் தெரியாது."

மேற்குத் தெருப் பெரியவர் ஒருவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு கிழக்குத் தெருக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்: "பேரு தெரியாட்டி எந்த ஊட்டுப் பொண்ணுன்னும் சொல்ல முடியாது. அப்ப எல்லாத்துக்கும் பொண்ணுதானுங்க."

அன்று மாலை அந்தக் கல்லை ட்ராக்டரில் ஏற்றி, மேளத்தோடு ஊருக்குள் கொண்டுவந்தார்கள். கோயிலில் இன்று நடுவில் இருப்பது அந்தக் கல்தான். சிமெண்ட் சிலை வாசலில் நிற்கிறது. அதன் பீடத்தில், அம்மா எழுதிக் கொடுத்தபடி, "இவள் கதையில் வந்தவள். உள்ளே இருப்பவர் வாழ்ந்தவர்" என்று பொறித்திருக்கிறார்கள். முதல் மரியாதை ஓர் ஆண்டு மேற்கே, ஓர் ஆண்டு கிழக்கே. பதிப்பாளர் பயந்ததும் நடக்கவில்லை. அந்த நாவல் அதற்குப் பிறகுதான் அதிகம் விற்றது. அப்பா மட்டும் காரைத் திரும்ப எடுக்கப் பட்ட பாட்டைச் சொல்வார். ஊரே வழியனுப்ப வந்து நின்றதில் ஒரு மணி நேரம் நகர முடியவில்லை.

நுரையீரல் நோய் வந்து மருத்துவமனையில் இருந்த கடைசி மாதங்களிலும் அம்மா ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கும், நிறுத்துவார், மறுபடி எழுதுவார். எழுதிய பக்கங்களை மருந்து கொடுக்க வரும் செவிலி ஒருவர் எடுத்துப் படித்துவிட்டு வைப்பார். வெள்ளகோவில் பக்கத்துப் பெண். ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டே, "அந்தக் குதிரைக்காரன் பொழைச்சுக்குவானுங்களாம்மா?" என்று கேட்டார். அவன் சாக வேண்டும் என்று அம்மா முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். செவிலி போனதும் அம்மா என்னிடம், "என்னையப் பொழைக்க வெக்க இந்தப் பொண்ணு இத்தன பாடுபடறா. கேக்கறத இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்றார். எழுதி வைத்திருந்த கடைசி இரண்டு அத்தியாயங்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். தன் கையாலேயே முற்றும் என்று எழுதி அடியில் கோடு போட்டார். நான்காம் நாள் காலையில், அப்பாவின் கையைப் பிடித்தபடி, அமைதியாகப் போய்விட்டார்.

அம்மாவை அருகிருந்து கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், நோய்க்காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பைத் தங்கள் அடுப்பாக நினைத்துப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், தாய்மாமன் வீட்டாருக்கும், அம்மாவோடு தொலைபேசி நிலையத்தில் பணிபுரிந்த தோழியருக்கும், வேன் பிடித்து வந்து இறுதிவரை நின்ற வாய்க்கால் ஊர் மக்களுக்கும், முகம் தெரியாமலே அம்மாவை வாழவைத்த வாசகர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

அந்தக் கடைசி நாவலையும் இம்மலரோடு உங்கள் கையில் தருகிறோம். முதல் படியைப் போன வாரமே அந்தச் செவிலிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேற்று அவர் தொலைபேசியில் அழைத்தார். படித்து முடித்துவிட்டாராம்.

"பொழைச்சுட்டானுங்க்கா" என்றார்.